மொட்டை மாடிக்கு ஒரு பனிமலை லிஃப்ட்

இந்த ஊரில் மனிதர்கள் திரும்பிப் பார்க்காமல் நாற்காலியில் உட்காருகிறார்கள். ஆஸ்திரியாவுக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. நம் பக்கம் ஒருவர் உட்காருவதென்றால் எவ்வளவு சடங்கு இருக்கிறது! வீட்டுக்காரர் நாற்காலியைத் துண்டால் தட்ட வேண்டும். "உக்காருங்க, உக்காருங்க" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். "இருக்கட்டும், இப்பத்தான் பஸ்ஸுல உக்காந்து வந்தேன்" என்று வந்தவர் இரண்டு முறை மறுக்க வேண்டும். இங்கே, பனிமலை அடிவாரத்தில், காலில் நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு நான்கு நான்கு பேராக வந்து ஒரு சிவப்புக் கோட்டில் நிற்கிறார்கள். இரும்புக் கயிற்றில் தொங்கியபடி பின்னாலிருந்து ஒரு நாற்காலி வருகிறது. அது யாருக்காகவும் நிற்பதில்லை. முழங்காலுக்குப் பின்னால் அது வந்து முட்டும் நேரத்தில், பேச்சை நிறுத்தாமலே இவர்கள் உட்காருகிறார்கள். நாற்காலி அவர்களைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்குப் போய்விடுகிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரக் கூண்டு உண்டு. அதன் வாசலில் தடித்த நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற கறுத்த பெண் நான்தான்.

என் பெயர் முத்துமாரி. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர்க்காரி. என் வீட்டுக்காரர் பால்பாண்டி இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். நான் செஸ்ஸெல்லிஃப்ட்டில், அதாவது இந்த நாற்காலி லிஃப்ட்டில், ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். குழந்தை வந்தால் கையைப் பிடித்து ஏற்றிவிட வேண்டும். யாராவது தடுமாறினால் கூண்டுச் சுவரில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அதற்கு நோட்ஹால்ட் என்று பெயர். அதை அமுக்கினால் அடிவாரம் முதல் உச்சி வரை அத்தனை நாற்காலியும் நின்றுவிடும். ஊரில் இதைச் சொன்னால், "பழனி ரோப் கார் மாதிரியா? அப்ப மேல சாமி இருக்கா?" என்று கேட்கிறார்கள். மேலே சாமி இல்லை, ஒரு சூப்புக் கடைதான் இருக்கிறது. ஏறிப் போகிறவர்கள் சறுக்கிக்கொண்டே கீழே வந்து, மறுபடி வரிசையில் நிற்கிறார்கள். இறங்குவதற்காகவே ஏறுகிற இந்த ஜனங்களைப் பார்த்து முதல் மாதம் முழுக்க எனக்குச் சிரிப்பாக வந்தது.

சிரித்த வாய் போன வருடம் ஒரு பிற்பகலில் மூடிக்கொண்டது. ஒரு பெரியவர் கோட்டில் நின்றபோது, அவர் கையிலிருந்த பனிச்சறுக்கு ஊன்றுகோல் நாற்காலிக்கும் மேடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. "படார்" என்று அது முறிந்தது. அவர் சரிந்து விழ, அவருடைய சட்டைப் பட்டை நாற்காலியில் சிக்கி, நாற்காலி அவரை இழுத்துக்கொண்டு போனது. சிவப்புப் பொத்தான் எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிலிருந்த பனி வாரும் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வாசல் வழியாக ஓடினேன். வேலியைத் தாண்டி, முழங்கால் ஆழப் பனியில் நாற்பது அடி ஓடினேன். ஓடும்போதே "ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று தமிழில் கத்தினேன். வரிசையில் நின்ற ஐரோப்பியர்கள் ஒருவர்கூட ஓடவில்லை. மேடைக்கு எதிர்ப்பக்கம் என்னைப் போலவே வேலைக்கு நின்ற பெண் அங்கிருந்த பொத்தானை அமுக்கி லிஃப்ட்டை நிறுத்திவிட்டாள். பெரியவருக்குச் சட்டைதான் கிழிந்திருந்தது. எழுந்து பனியைத் தட்டிக்கொண்டவர், நான் அவ்வளவு தூரத்தில் போய் நிற்பதைப் பார்த்து, எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து கையை ஆட்டினார். அன்றைக்குப் பட்ட அவமானம் இன்றைக்கும் காதோரம் சுடுகிறது.

லிஃப்ட்டுக்குப் பொறுப்பாளர் வால்ட்டர், பேசும்போது மீசையை மட்டும் அசைக்கிற மனிதர். "வாரூம்?" என்று கேட்டார். ஏன் என்று அர்த்தம். என்னிடம் அப்போது பால், ரொட்டி, பஸ், மழை இவற்றுக்கான ஜெர்மன்தான் இருந்தது. "எங்கள் ஊரில் ஓடுவோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்கள் ஊரில் லிஃப்ட் இல்லாததால் எனக்கு இயந்திரத்தைக் கண்டு பயம் என்று முடிவு கட்டிக்கொண்டார். தோளைத் தட்டி, கயிறு மிகவும் உறுதியானது, ஒவ்வொரு வருடமும் சோதிக்கிறோம் என்று சைகையிலும் காகிதத்தில் படம் வரைந்தும் அரை மணி நேரம் விளக்கினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். இந்த சீசன் முடியும்வரை நான் பனி வாரட்டும். அடுத்த டிசம்பரில் பத்து நாள் பார்ப்பார். சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது செய்து பார்ப்பார். என் கை பொத்தானுக்குப் போனால் கூண்டு எனக்கு, போகாவிட்டால் மேலே சூப்புக் கடையில் தட்டுக் கழுவ வேண்டியதுதான். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் பத்து நாளும் கொடுத்திருக்க மாட்டேன்.

தட்டுக் கழுவுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்தக் கூண்டு எனக்கு வேண்டும். முகம் தெரியாதவர்கள் தங்கள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நகர்கிறார்களே, அப்படி நம்பி ஒரு வேலையை அதுவரை யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

நான் ஓடியது பயத்தால் அல்ல, பழக்கத்தால். ஊரில் எட்டு வருடம் பட்டாசு கம்பெனிக்கு வேனில் போய் வந்தவள் நான். கம்பெனி என்றால் ஒரே கட்டடம் இல்லை, காய்ந்த காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். அவற்றை செட் என்போம். ஒவ்வொரு செட்டுக்கும் எல்லாப் பக்கமும் கதவு உண்டு. வேலை நடக்கும்போது எந்தக் கதவும் சாத்தியிருக்கக் கூடாது, வாசலில் ஒரு வாளிகூட இருக்கக் கூடாது. செருப்பில்லாமல், சுவரில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் வெடிமருந்து அறைக்குள் நுழைய வேண்டும். உடம்பிலிருக்கிற மின்சாரம் மண்ணுக்குப் போக வேண்டுமே! முதல் நாளே போர்மேன் சொன்ன பாடம் ஒன்றே ஒன்று. "சத்தம் கேட்டா கையில உள்ளதப் போட்டுட்டு ஓடணும். என்ன ஏதுன்னு பாக்கப்படாது. பக்கத்தாளத் தேடப்படாது. எல்லாரும் அவுகவுக ஓடுனாத்தான் எல்லாரும் பொழைக்க முடியும்." எட்டு வருடமும் காலில் எழுதி வைத்த பாடம் இது.

அந்தப் பாடம் ஒருமுறை வேலை செய்தது. நான் காகிதக் குழாய் ஒட்டுகிற செட்டில் இருந்தேன். அம்மா மூன்று செட் தள்ளி, மருந்து அடைக்கிற இடத்தில் இருந்தாள். சத்தம் கேட்டதும் பசை வாளியைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினேன். முள்வேலிக்கு வெளியே காட்டில் போய்த்தான் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மாவுடன் வேலை பார்த்த மூன்று பேர் வந்தார்கள், அம்மா வரவில்லை. கடைசியில் அவள் புகைக்குள்ளிருந்து வந்தபோது இடது கை வெந்திருந்தது. அவள் தன் செட் பக்கமிருந்து வரவில்லை, என் செட் இருந்த பக்கமிருந்து வந்தாள். அங்கே ஏன் போனாள் என்று நான் கேட்டதே இல்லை. பதில் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. நான் அவளைத் தேடாமல் ஓடினேன், அவள் என்னைத் தேடி வந்தாள். கல்யாணமாகி, விமானமேறி, இந்தப் பனிக்கு வந்தும் நெஞ்சில் அந்த முள் அப்படியே இருந்தது.

பனி உருகினால் இங்கே சீசன் முடிந்தது. மே மாதம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். மலைக்காரர்கள் லிஃப்ட்டை நிறுத்தி எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது, நம் பக்கம் தீபாவளி ஆர்டருக்கு வேன்கள் காலையிலேயே பறக்கின்றன. எனக்கு வாழ்க்கையில் இரண்டு சீசன். ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குகிறது. வீட்டில் அம்மா மோர் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தாள். கை வெந்தபின் அவள் கம்பெனிக்குப் போவதில்லை. வத்தல், வடகம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். இடது கையில் இரண்டு விரல் மடங்காது. அதைவிட முழங்கால்தான் பெரிய பாடு. ஒரு சுளகு மிளகாயை மொட்டை மாடியில் காயப்போட, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். வந்த இரண்டாம் நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது என்று எழுத ஆசை. உண்மையில் நான் அன்றைக்கு யோசித்தது என் பொத்தானைப் பற்றி மட்டும்தான். கை பழக வேண்டுமென்றால் ஓடுகிற ஒரு லிஃப்ட் வேண்டும். ஏழாயிரம்பண்ணையில் அதற்கு எங்கே போவது? நாமே செய்துவிட்டால் என்ன?

விருதுநகருக்கு பஸ் ஏறினேன். மிளகாய் மண்டிப் பக்கம் தும்மிக்கொண்டே நடந்து ஒரு பழைய சாமான் கடையைக் கண்டுபிடித்தேன். இரண்டு சைக்கிள் ரிம், வேனில் கண்ணாடி துடைக்கிற கம்பியை ஆட்டும் மோட்டார், பழைய பேட்டரி எல்லாம் கிடைத்தன. சிவப்புப் பொத்தான் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னத்துக்குத்தா?"

"லிஃப்டுக்குண்ணே."

"கட்டடம் கட்டுறீகளா? எத்தன மாடி?"

"ஒரு மாடி."

"ஒரு மாடிக்கா லிஃப்டு! வெளிநாட்டுக் காசு என்னென்ன பண்ணுது பாரு" என்றவர், என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, ஏதோ ஆலையில் கழற்றிய பொத்தானைத் துடைத்துக் கொடுத்தார். உள்ளங்கை அளவு, நல்ல சிவப்பு. மலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியது.

ஒரு ரிம்மை முற்றத்தில் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு கட்டையின் மேல் படுக்கவைத்தேன். இன்னொன்று மாடிக் கைப்பிடிச் சுவரில். இரண்டையும் சுற்றிக் கொடிக் கயிறு. மோட்டாரைப் போட்டதும் ரிம் சுற்றியது, கயிறு சும்மா இருந்தது. வால்ட்டர் பெரிய சக்கரத்தின் பள்ளத்தில் ரப்பர் மாற்றுவதைப் பார்த்த ஞாபகம் வந்தது. சைக்கிள் டியூபைக் கீறி ரிம்முக்குள் ஒட்டினேன், கயிறு நகர்ந்தது. நகர்ந்த கயிறு பத்து நிமிடத்தில் தொய்ந்தது. மலையில் கயிற்றை இழுத்துப் பிடிக்க ஒரு பெரிய எடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் மேல் ரிம்மை நகரும்படி வைத்து, அதை இழுக்கிற மாதிரி மாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் வாளியைத் தொங்கவிட்டேன். பிறகு முடிச்சு வம்பு செய்தது. கயிற்றின் இரண்டு முனையையும் சேர்த்துப் போட்ட முடிச்சு, ரிம்முக்குள் வரும்போதெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. இதையெல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கொண்டா இங்கன" என்று கயிற்றை வாங்கினாள். ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, இழைகளைப் பிரித்து, சரவெடி பின்னுகிற பின்னலில் இரண்டு முனையையும் ஒன்றாக்கிவிட்டாள். மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு அதைச் செய்தாள். பின்னிய இடம் எதுவென்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாற்காலிகளை சிவகாசி அச்சகத்துக் கழிவு அட்டையில் வெட்டினேன். பட்டாசுப் பெட்டிக்கு அடித்து வீணாய்ப் போன அட்டை. ஒரு நாற்காலியில் பாதி மயில், ஒன்றில் ராக்கெட், ஒன்றில் மத்தாப்பு பிடித்துச் சிரிக்கிற குழந்தையின் வாய் மட்டும். மொத்தம் பதினொரு நாற்காலி. கம்பியில் தொங்கி, வெயிலில் ஆடி ஆடி மாடிக்கு ஏறி, திரும்பிக் கீழே வந்தன. கைபேசியில் படம் காட்டினால் வீட்டுக்காரர், "டிக்கெட்டு போட்டு ஊருக்குப் போனது இதுக்குத்தானா?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஒரு மோர் மிளகாயை எடுத்து மயில் நாற்காலியில் வைத்தாள். அது மாடிக்குப் போய்ச் சேர்ந்ததை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நாக்காலியில மனுசன் உக்காருவான், மொளகா எப்புடித்தா உக்காரும்? செம்பு மாதிரி என்னமாச்சும் கட்டு." மறுநாள் காலையில் ஐந்து நாற்காலிகளைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் குவளைகளைக் கட்டியிருந்தாள். நான் பழகுவதற்குச் செய்த லிஃப்ட் ஒரே நாளில் அவளுக்கு வேலைக்காரனாகிவிட்டது.

பழகுவதற்குச் சத்தம் வேண்டும். சத்தத்துக்கு நம் ஊரில் பஞ்சமா? நான் பொத்தான் அருகே நின்று குவளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அம்மா எனக்குச் சொல்லாமல் ஒரு பிஜிலி வெடியைக் கொளுத்த வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சத்தம் பத்தாமல் போய்விடுமோ என்று, வெடியைக் காலி எண்ணெய் டின்னுக்குள் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு, தெரு முழுக்க வீட்டில் இருக்கிறது. "டமார்!" நான் எப்போது வாசலைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. தெருக்கோடிப் பொட்டலில் போய்த் திரும்பிப் பார்த்தால், எனக்கு முன்னால் அங்கே நிற்கிறாள் அம்மா! வெடியைக் கொளுத்திப் போட்டவளே அவள்தான், முழங்கால் வலிக்காரியும் அவள்தான். எங்கள் பின்னாலேயே பேச்சி மதினி, கையில் தோசைக் கரண்டியோடு அவள் வீட்டுக்காரர், இன்னும் எட்டுப் பத்துப் பேர். எல்லாரும் செருப்பில்லாமல், எல்லாரும் ஒரே திசையில். அத்தனை பேரும் பட்டாசு கம்பெனி ஆட்கள். யாரும் இல்லாத எங்கள் முற்றத்தில் லிஃப்ட் மட்டும் நிதானமாக ஓடி, மிளகாயை மாடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"ஏத்தா மாரி, வெளிநாடு போயி படிச்சுட்டு வந்தது இதானா?" என்று பேச்சி மதினி கத்தினாள். கத்தும்போதே சிரித்துவிட்டாள். தெருவே சிரித்தது. திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எல்லாரும் திரும்பிப் போனபின், அம்மாவால் மட்டும் நடக்க முடியவில்லை. ஓடும்போது மறந்திருந்த முழங்கால் இப்போது ஞாபகம் வந்துவிட்டது. வேலிக்கருவை நிழலில் இருவரும் உட்கார்ந்தோம். அவளுடைய வெந்த கை என் மடிமேல் இருந்தது. இத்தனை வருடமாகக் கேட்காததை அங்கே வைத்துக் கேட்டேன்.

"அன்னைக்கி எங்க செட்டுப் பக்கம் ஏம்மா போன?"

"உன்னையத் தேடித்தான். வேற எதுக்கு?"

"நான் உன்னத் தேடலயேம்மா. நான் பாட்டுக்கு ஓடிட்டனே."

அம்மா என்னைக் கோபமாகப் பார்த்தாள். "இதுக்கா இம்புட்டு வருசமா மொகத்தத் தொங்கப்போட்டுட்டுத் திரியிற? உன் செட்டு வெறிச்சுன்னு கெடந்துச்சு. பச வாளி கவுந்து கெடந்துச்சு. ஒரு ஆளு இல்ல. அதப் பாத்தப்பெறகுதான் எனக்கு மூச்சே வந்துச்சு. கை எரியிறதே அப்பறந்தான் தெரிஞ்சுச்சு. நீ மட்டும் எனக்காக அங்கன நின்னுருந்தேன்னு வையி, ரெண்டு பேரும் போயிருப்போம். நான்தான் சொன்ன சொல்லு கேக்காம கையச் சுட்டுக்கிட்டேன். நீ நல்லாத்தான் ஓடுன." பிறகு, இதெல்லாம் ஒரு விஷயமா என்பது போல், "மொளகா கொட்டிருக்கும், எந்திரி" என்றாள்.

நான் எழுந்திருக்க நேரமாயிற்று. கவிழ்ந்து கிடந்த ஒரு பசை வாளியைப் பார்த்து ஒருத்திக்கு உயிர் வந்திருக்கிறது. அது தெரியாமல் நான் இத்தனை வருடம் அழுதிருக்கிறேன். அந்தப் பொட்டலில் உட்கார்ந்து இன்னொரு முறை அழுதேன், ஆனால் இது வேறு அழுகை. நெஞ்சில் இருந்த முள் கழன்றுவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

அதன்பின் பிஜிலியை விட்டுவிட்டோம். தெருக்காரர்கள் பாவம். அம்மா பின்னாலிருந்து தட்டைப் போடுவாள், டின்னை உருட்டுவாள், பலகையைச் சுவரில் அறைவாள். முதல் வாரம் முழுக்க நான் வாசல்வரை ஓடித் திரும்பி வந்தேன். ஒரு நாள் நான் அடுப்படியில் இருந்தபோது, ஒரு குவளை மேல் ரிம்மில் சிக்கி, கம்பி விடுபட்டு, "சடார்" என்று சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல் வாசலுக்குப் பறந்தேன். திரும்பி வந்தால் லிஃப்ட் நின்றிருந்தது. அம்மா பொத்தானில் உள்ளங்கையை வைத்து அமுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். ஓடவில்லை. "ஓடலயா?" என்றேன். "அம்புட்டு மொளகாயும் கொட்டிருமேத்தா" என்றாள். அவள் கண் இன்னும் குவளையைவிட்டு நகரவில்லை. நான் இதுவரை சத்தத்தையே எதிர்பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கயிற்றில் என்ன ஏறுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு குவளையையும், கோட்டில் வந்து நிற்கிற ஆளைப் போல, பார்த்து ஏற்றிவிட ஆரம்பித்தேன். ஜூலையில் நான் கிளம்பும்போது பத்துக்கு எட்டு முறை கை பொத்தானுக்குப் போயிற்று. லிஃப்ட்டைக் கழற்றவா என்று கேட்டேன். "தொட்டுப் பாரு" என்று அம்மா மிரட்டினாள்.

டிசம்பரில் வால்ட்டர் சொன்னபடியே செய்தார். மூன்றாம் நாள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டார். கை பொத்தானுக்குப் போனது. ஆறாம் நாள் ஒரு மூட்டையை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டார். அப்போதும் கை போனது. எட்டாம் நாள் நடந்தது அவர் செய்ததல்ல. ஒரு சின்னப் பெண், சிவப்புத் தொப்பி போட்டவள், தன் தாய்க்குப் பக்கத்தில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தாள். நாற்காலி மேடையைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் அவள் முன்னால் வழுக்கினாள். தாய் பிடிக்கப் போக, மேலிருந்த தடுப்புக் கம்பி நாற்காலியில் "டமார்" என்று அறைந்தது. நான் சிவப்புத் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் காதில் விழுந்தபோது எல்லா நாற்காலிகளும் நின்றிருந்தன. பிள்ளை நாற்காலி விளிம்பில் தாயின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே ஓர் ஆள் உயரம்கூட இல்லை. எதிர்ப்பக்கப் பெண் போய் இறக்கிவிட்டாள். குனிந்து பார்த்தேன். என் வலது கை பொத்தானில் இருந்தது. என் இடது கால் வாசலைத் தாண்டி, வெளியே பனியில் ஊன்றியிருந்தது.

வால்ட்டர் வந்து முதலில் கையைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு காலைப் பார்த்தார். "கழிப்பறைக்குப் போக வேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். இந்த மனிதருக்கு என்னைப் பற்றி எத்தனை சந்தேகங்கள் இருந்திருக்கின்றன! காலையில் கூண்டுக்குள் நுழையும்போது பழக்கத்தில் நான் கதவு நிலையைத் தொடுவதைச் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்து, நான் முடிக்கும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். உறைகிற குளிரிலும் கதவைத் திறந்தே வைக்கிறேன் என்று, வரும்போதெல்லாம், "ஹீட்டர், ஹீட்டர்" என்று சொல்லி அவர் சாத்துவார். அவர் போனதும் நான் திறப்பேன். இரண்டு குளிர்காலமாக நடக்கிற சண்டை இது.

இப்போது என்னிடம் முன்பைவிட ஜெர்மன் இருந்தது. கைபேசியில் அம்மாவின் லிஃப்ட்டைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாப் பக்கமும் கதவு, செம்புத் தகடு, ஓடு என்கிற பாடம், அம்மாவின் கை. வால்ட்டர் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தார். மயில் நாற்காலியையும் மிளகாய்க் குவளைகளையும் பார்த்தபோது மீசை லேசாக அசைந்தது. எனக்கு ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"எடைக்கு என்ன தொங்கவிட்டீர்கள்?"

"மணல் வாளி."

"கயிற்றை யார் பின்னியது?"

"என் அம்மா."

"சுத்தமான வேலை" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். மறுநாள் காலையில் நான் வந்தபோது கூண்டின் வெளிச்சுவரில் ஒரு புதிய பித்தளைக் கொக்கி இருந்தது. கதவைத் திறந்து மாட்டினால் காற்றடித்தாலும் சாத்தாது. ஹீட்டரையும் வாசலிலிருந்து தள்ளி, என் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார்.

இதை எழுதுகிற இந்த பிப்ரவரியில் அங்கே புது மிளகாய் வந்துவிட்டது. நான் காலையில் வேலைக்கு நிற்கும்போது ஊரில் உச்சி வெயில். முதல் வரிசை வருவதற்கு முன் ஒரு நிமிடம் அம்மாவைக் கைபேசியில் பார்த்துக்கொள்கிறேன். கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு மிளகாய்க் குவளைகளை ஏற்றி அனுப்புகிறாள். மேலே பேச்சி மதினி கொட்டிக்கொள்கிறாள். "வைக்கட்டுமா? மொளகா போகுது" என்று அம்மா சொல்ல, "வையிம்மா, இங்க ஆளு வந்துருச்சு" என்று நானும் வைக்கிறேன். நான்கு பேர் கோட்டில் வந்து நிற்கிறார்கள். திரும்பிப் பார்க்காமல் உட்காருகிறார்கள். அவர்களுக்காக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வலது கை சிவப்புப் பொத்தானில், இடது கால் திறந்த கதவுக்கு வெளியே பனியில்.